பரணில் கிடந்த பவர் சா ஓட மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் முறை

பெங்களூரில் ஏப்ரல், மே மாதத்து மாலைக் காற்றில் தூங்குமூஞ்சி மரமும் குல்மோகரும் கிளை முறிந்து விழத் தொடங்கியதும், ஆண்டுக்கணக்கில் பரணிலும் கார் ஷெட்டிலும் கிடந்த பவர் சாக்கள் (பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பங்கள்) கீழே இறங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உடைந்துபோன இயந்திரங்கள் அல்ல; டாங்கில் விட்டுவைத்த பெட்ரோலால் அடைபட்டவை. ஆகவே இந்த வழிமுறை ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத சோதனையில் தொடங்கிக் காசு பிடிக்கும் பாகத்தில் முடிகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்ப்பது பலருக்கு முதல் வேலை. இங்கே அது கடைசிக்கு முந்தைய வேலை. அடைப்பையும் காற்றுக் கசிவையும் ஸ்க்ரூவால் ஈடுகட்டி ஓட்டிய இயந்திரம் சில வாரங்களில் பிஸ்டன் கீறலோடு கடைக்குப் போகிறது.

## எந்த அறிகுறியானாலும், கயிற்றை இழுப்பதற்கு முன்

டாங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினின் மசகுக்காக நீங்கள் பெட்ரோலில் கலந்த 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு இருந்துவிடும். டாங்கின் ஃபில்டர் கிடப்பது அடியில் என்பதால், இயந்திரம் முதலில் உறிஞ்சுவது எண்ணெயே இல்லாத அந்த அடிப்படலத்தைத்தான். புட்டியில் இரண்டு படலம் தெரிந்தாலும், வார்னிஷ் வாடை அடித்தாலும் அந்தப் பெட்ரோலைப் புதியதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பாகங்கள் கழுவுவதற்கு ஏதேனும் ஒரு கராஜில் வாங்கிக்கொள்வார்கள்.

புதிய கலவையின் விகிதம் டாங்க் மூடியின் அருகிலோ கையேட்டிலோ இருக்கும். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. ஸ்டிக்கர் அழிந்துபோன பழைய இயந்திரத்துக்கும், பெயர் தெரியாத இறக்குமதி இயந்திரத்துக்கும் 25:1 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. புகை சற்றுக் கூடும், பிஸ்டன் பிழைக்கும். கார், பைக் எஞ்சின்களுக்கு ஊற்றும் ஆயில் இதற்கு ஆகாது.

அடுத்து, சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி, தெரியும் துவாரத்தின் வழியே கைபேசி டார்ச்சை அடித்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் மேலே தொடரலாம். செங்குத்தாக ஆழக் கீறல்கள் இருந்தால் பிளக்கோ கார்புரேட்டர் கிட்டோ (அதன் சவ்வுகளும் பேக்கிங்கும் அடங்கிய தொகுப்பு) வாங்கி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் நேராக மெக்கானிக்கிடம் விலை கேட்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தப் பார்வையை நான் எந்த இயந்திரத்திலும் தவிர்ப்பதில்லை. கழற்றிய சைலன்சரையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்: நம் ஊர்களில் குளவி மண் கூடு கட்டுவதற்குச் சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் மூடியின் இடுக்கு, டாங்கின் காற்றுத் துளை ஆகியவை மிகவும் பிடித்த இடங்கள். எலி கடித்த ஒயரும் ரப்பர் குழாயும் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது இயந்திரம் தரையில் இருக்க வேண்டும். செயின் பிரேக் முன்புறம் தள்ளிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பின்பிடியில் வலது கால் நுனி, முன்பிடியில் இடது கை, கயிற்றில் வலது கை. ஒரு கையில் தூக்கி மறு கையில் கயிற்றை இழுக்கும் பழக்கம், நின்ற இயந்திரத்தைப் பரிசோதிக்கும்போது அறவே கூடாது; அது எப்போது, எந்த வேகத்தில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

## கயிறு இழுக்கவே வரவில்லை

பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். இப்போது கயிறு வந்தால், சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருந்தது என்று பொருள். இயந்திரத்தைக் கவிழ்த்துப் பிளக் துளை வழியே வடித்துவிட்டு, பிளக் இல்லாமலே பலமுறை இழுத்தால் போதும். ஆனால் பெட்ரோல் தானாக உள்ளே இறங்கியிருந்தால் கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடவில்லை. கிட் மாற்றும் வேலை பின்னால் காத்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றியும் வரவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மூடியைத் தனியே கழற்றி அதில் கயிற்றை இழுக்க வேண்டும். தனியாகவும் இறுகியிருந்தால் பழுது ஸ்டார்ட்டரில் மட்டுமே: ஆயில் பிசுபிசுப்பு, பின்னிப்போன கயிறு, உடைந்த ஸ்பிரிங். கயிற்றை நீங்களே மாற்றலாம். கப்பியை வெளியே எடுக்க வேண்டிய நிலை வந்தால் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் முகத்தை நோக்கித் தெறிக்கக்கூடியது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்று எஞ்சின் மட்டும் இறுகியிருந்தால், துரு பிடித்த வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பிளக் துளையில் டீசலும் 2டி ஆயிலும் சம அளவில் கலந்து சில ஸ்பூன் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு இறுக்கும் திசையில் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். அசைந்தால் முழுச் சுற்று வரும்வரை பொறுமையாகத் தொடர்ந்து, மீண்டும் சைலன்சர் துவாரத்தில் பார்வையிட வேண்டும். அசையாவிட்டால் சுத்தியல் வேண்டாம். இங்கேதான் மெக்கானிக் தேவைப்படுகிறார். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற இயந்திரத்துக்குச் சிலிண்டர், பிஸ்டன் கிட் போடுவதில் பொருள் உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி இயந்திரத்துக்கு அந்தச் செலவைச் செய்வது அரிதாகவே கட்டுபடியாகும்.

## கயிறு வருகிறது. ஒரு வெடிப்பும் இல்லை

முதலில் சுவிட்ச் ஓட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், பழைய இயந்திரங்களில் அதன் எழுத்து தேய்ந்திருக்கும். அடுத்தது இழுக்கும் முறை. முழுச் சோக்கில் இழுக்கும்போது ஒரு சிறு ‘பட்’ சத்தம் வந்த உடனே அரைச் சோக்குக்கு மாற்ற வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் முழுச் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து, நல்ல இயந்திரமும் பிணம் போலக் கிடக்கும். இவை இரண்டும் சரி என்றால் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்க வேண்டும். இனி வழி இரண்டாகப் பிரிகிறது.

### பிளக் நனைந்திருந்தால்

பெட்ரோல் வருகிறது. பிளக் துளை தரையை நோக்கும்படி சாய்த்து, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி பத்துமுறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் பார்த்து, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்னும் பிடிக்காவிட்டால் தீப்பொறிச் சோதனை. பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் மரையைச் சிலிண்டரின் உலோகத்தில் அழுத்தி வைத்து, நிழலில் இழுத்துப் பார்க்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளி வைப்பதும், துளையைத் துணியால் மூடுவதும் அவசியம்; அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி அந்தப் பொறியிலேயே தீப்பற்றக்கூடும். பொறி இல்லை என்றால் முதலில் புதுப் பிளக். பல நிறுவனங்களின் பவர் சாக்களுக்குப் பொருந்துவது என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ வகை. கைக்குக் கிடைத்த மொபெட் பிளக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மரை ஒன்றாக இருந்தாலும் அதன் நீளம் கூடுதலாக இருந்தால் பிஸ்டன் தலையில் இடித்துவிடும். பழைய பிளக்கைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச் அல்லது உடம்பில் உரசும் ஒயர். செலவு மிகக் குறைவு. வராவிட்டால் ஃப்ளைவீல் காந்தத்தின் மேலுள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்துக் காயிலை அழுத்தி இறுக்கினால் தேவையான சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி அமைந்துவிடும். அதன் பிறகும் இல்லை என்றால் காயில் போய்விட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

### பிளக் உலர்ந்திருந்தால்

பிளக் துளையில் அரை ஸ்பூனுக்கும் குறைவாகக் கலவைப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் பொறியும் அழுத்தமும் சரியாக உள்ளன, பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது உறுதி. நீண்ட காலம் கிடந்த இயந்திரங்களில் நான் அதிகம் சந்திப்பது இந்த நிலையைத்தான். ஓடவே இல்லை என்றால் மேலே சொன்ன தீப்பொறிச் சோதனைக்குப் போங்கள். பொறியும் இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்க வேண்டும். கேஜில் 100 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டும் எஞ்சினோடு வீட்டில் போராடுவதில் பயனில்லை.

பெட்ரோல் வரவில்லை என்றால் டாங்கிலிருந்து தொடங்க வேண்டும். வளைத்த கம்பியால் ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். பழுப்பேறி இறுகியிருந்தால் மாற்றுங்கள். அதனோடு வரும் குழாயை வளைத்து, டாங்கின் சுவரைக் கடக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். எத்தனால் பட்டு உலர்ந்த பழைய ரப்பர் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்து வளைக்கும்போது வாய் பிளக்கும். எஞ்சினின் அடிக்கூடான கிரான்க் கேஸிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் மெல்லிய குழாயும் அப்படியே; அது வெடித்திருந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பம்ப் வேலை செய்யாது.

குழாய்கள் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் கிட்டை மாற்றலாம். கார்புரேட்டரில் பொறித்திருக்கும் வால்ப்ரோ அல்லது ஜாமா மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கத்துக் கடைகளில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இயந்திரத்தின் பெயரை மட்டும் சொன்னால் பொருந்தாத கிட்டோடு திரும்பி வர நேரும். பழைய டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) நனைந்த துணிபோலத் தளர்ந்திருக்க வேண்டும்; விறைத்துச் சலசலத்தால் அதுவே காரணம். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுங்கள், ஏனெனில் இரண்டு பக்கமும் அடுக்கும் வரிசை எதிரெதிரானது: பொதுவாக, பம்ப் பக்கத்தில் உடலை ஒட்டி டயாஃப்ரமும் அதன்மேல் பேக்கிங்கும் வரும், ஊசி இருக்கும் பக்கத்தில் உடலை ஒட்டிப் பேக்கிங்கும் அதன்மேல் டயாஃப்ரமும் வரும். இது மாறினால் புதுக் கிட் போட்ட இயந்திரமும் ஓடாது. பம்ப் பக்கத்தில் ஒரு சிறு வலை இருக்கும். அடைப்பு பெரும்பாலும் அதில்தான். துளைகளில் கம்பி குத்தாமல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்த வேண்டும். அது எதிர்த்துளை வழியே கண்ணுக்கு வரும் என்பதால் கண்ணாடி அணியாமல் தொடக் கூடாது.

## சோக்கில் ஓடுகிறது; சோக்கை எடுத்தால் நிற்கிறது

பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகமாக நுழைகிறது. முந்தைய பகுதியின் ஃபில்டர், குழாய், கிட் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும். கூடுதலாகக் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் வெடிப்பு பார்க்க வேண்டும். அரைச் சோக்கிலேயே ஓட்டி இன்று மட்டும் கிளையை அறுத்து முடித்துவிடலாம் என்பது மிகவும் விலையுயர்ந்த சிக்கனம்; பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு எண்ணெயும் குறைகிறது.

## ஐடிலில் ஓடுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து ஒரு நொடி முயன்று பாருங்கள். திணறல் நீங்கினால் அதைக் கழுவினால் அல்லது மாற்றினால் போதும். சைலன்சரின் வாயிலுள்ள சிறு வலை கரி பிடித்து அடைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். கம்பித் தூரிகையால் தேய்த்தால் திறந்துகொள்ளும். இவை எல்லாம் முடிந்த பிறகே ஸ்க்ரூ.

கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான எல் ஸ்க்ரூவையும் அதிக வேகத்துக்கான எச் ஸ்க்ரூவையும் மெல்ல உள்ளே திருகி, தொட்டதும் நிறுத்தி, ஒரு சுற்று வெளியே எடுப்பது பல கார்புரேட்டர்களுக்குப் பொதுவான தொடக்க நிலை. எஞ்சின் சூடேறியதும் ஆக்சிலேட்டருக்கு உடனே எழும்பும் இடத்தில் எல் ஸ்க்ரூவை நிறுத்துங்கள். எச் ஸ்க்ரூவை, மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் சற்றுக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் தெளியும் இடத்தில் விட வேண்டும். தெளிந்த கீச்சொலி காதுக்கு இனிமையாக இருக்கலாம். அது பிஸ்டன் சூடேறும் ஒலி.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்று மெலிந்தது. சென்னையில் செட் செய்த இயந்திரம் இங்கே சற்றுப் பெட்ரோல் கூடுதலாகக் குடித்துப் புகையும். அதனால் ஆபத்து இல்லை. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. இங்கே செட் செய்ததை வேலூர்ப் பக்கத்துத் தோப்புக்கோ சென்னைக்கோ எடுத்துச் செல்லும்போது, அங்குள்ள அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் அங்கே போனதும் எச் ஸ்க்ரூவைச் சிறிது வெளியே திருகி, கரகரப்பு மீண்டும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லித் தரும் கடைக்காரரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

## கை எடுத்தும் எஞ்சின் தானாக வேகமெடுக்கிறது

உடனே நிறுத்துங்கள். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் முழுச் சோக்கை இழுத்தால் நின்றுவிடும். ஆக்சிலேட்டர் கம்பி சிக்கியிருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்கலாம். இல்லை என்றால் காற்றுக் கசிவு: ஐடிலில் ஓடும்போது இயந்திரத்தை இடமும் வலமும் சாய்த்தால் வேகம் மாறுவது கிரான்க் சீல் போனதன் அடையாளம். அழுத்தச் சோதனை செய்து சீல் மாற்றும் கருவிகள் வீட்டில் இருக்காது. இந்த அறிகுறியோடு ஒரு கிளைகூட அறுக்காமல் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

## சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மீண்டும் ஓடுகிறது

நின்ற கணத்தில் டாங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் டாங்கின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. சுத்தம் செய்தால் தீர்ந்தது. ஒலி ஏதும் இல்லை என்றால், சூடு ஆறுவதற்குள் தீப்பொறிச் சோதனை செய்ய வேண்டும். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வருவது காயிலின் பழுது.

## எஞ்சின் ஓடுகிறது. செயின் சொன்னபடி கேட்கவில்லை

ஆக்சிலேட்டர் கொடுத்தும் செயின் சுழலாவிட்டால் பிரேக்கைப் பின்னால் இழுத்து விடுவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் பிறகு பார் (செயின் ஓடும் நீண்ட தகடு) இடுக்கில் இறுகிய தூள், கடைசியில் தேய்ந்த கிளட்ச். ஐடிலிலேயே சுழன்றால் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்தும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கிளட்சின் மரை பெரும்பாலும் இடதுபுற மரை. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீண்ட ஸ்பேனர் போட்டு எதிர்த்திசையில் முறுக்கி மேலும் இறுக்கிவிடுகிறார்கள். பிரேக் பூட்டாத இயந்திரத்தை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. பிரேக் பட்டையைக் கடையில் மாற்றிக்கொள்வதே முறை.

## செயினுக்கு ஆயில் வரவில்லை

செயின் ஆயில் டாங்கை நிரப்பி, பாரின் நுனியை வெளிர் நிற அட்டைக்கு மேலே தொடாமல் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால், அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி அதன் சிறு துளையையும் காடியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது ஆயில் டாங்கின் ஃபில்டர். பைக்கில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றியிருந்தால் அதிலுள்ள உலோகத் தூளும் கசடும் இங்கேதான் சேர்ந்திருக்கும். டாங்கைச் சிறிது டீசலால் அலசி, புது ஆயில் நிரப்பி மீண்டும் பாருங்கள். கடைசியில் ஆயில் பம்ப். கிளட்சைக் கழற்ற வேண்டியிருப்பதால் பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுப்பது நல்லது.

## ஓடுகிறது, சுழல்கிறது, ஆனால் அறுக்கவில்லை

பூப்போல மாவு விழுந்தால் பற்கள் மழுங்கியவை. கூரிய செயினிலிருந்து சிறு செதில்கள் விழும். அரத்தின் பருமன் செயினைப் பொறுத்தது: 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சிறிய இயந்திரங்களின் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர். பெரும்பாலான செயின்களில் 30 பாகைக் கோணத்தில், உள்ளிருந்து வெளியே மட்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். கூர்மையாக்கியும் கடிக்காவிட்டால், பல்லுக்கு முன்னுள்ள மேடு பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி தட்டை அரத்தால் குறையுங்கள். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து சென்றால் ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டன, அல்லது பாரின் காடி அகன்றுவிட்டது. துரு ஏறி இணைப்புகள் மடங்காமல் விறைத்து நிற்கும் செயினை ஆயிலில் ஊறவைத்து மீட்க முயலாமல் மாற்றிவிடுங்கள். அறுந்த செயின் எங்கே பாயும் என்பது யார் கையிலும் இல்லை.

சோதனை வெட்டுக்கு ஏற்கெனவே விழுந்த கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வளாகத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கடையில் கொடுக்க நேர்ந்தால், மேலே செய்த சோதனைகளையும் முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தோடு கட்டிக் கொடுத்து, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்து பரணில் ஏற்றும் நாளில் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு, சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகி வையுங்கள். துணி செருகியிருப்பதைக் கயிற்றின் கைப்பிடியில் ஒரு சீட்டாகக் கட்டிவிடுவதும் நல்லது.